புளியங்கோல் தட்டிய சுவர்

சகலமானவர்க்கும் அறிவிப்பது யாதெனில், சந்திரசூரியர் உள்ளளவும் நிலைத்து நிற்கப்போவதும், தேவலோகத்துத் தச்சன் கண்டாலும் வெட்கித் தலைகுனியத் தக்கதும், மயிரிழைப் பழுதும் இல்லாததுமான பள்ளிமாடம் ஒன்று மருதங்கோட்டையில் கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. இப்படி முரசறைந்து சொன்னவன் அதைக் கட்டியவரிடம் சம்பளம் வாங்குகிறவன் என்பதை அன்பான வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

முரசொலி அடங்கிய அந்த அந்திப் பொழுதில், மேற்றிசைச் செக்கர் மெல்ல மெல்லக் கரைந்து வடிய, தென்னந்தோப்புகளின் தலைக்கு மேலே பூரணச் சந்திரன் எழுந்து, மதிலைத் தழுவி ஓடிய நீலியாற்றை உருக்கிய வெள்ளியாய் நெளியச் செய்துகொண்டிருந்தான். இத்தனை அழகுக்கும் முதுகைக் காட்டியபடி, பள்ளிமாடத்துக்குள் சுவரையே முறைத்துக்கொண்டு நின்றான் ஓர் இளைஞன். அவன் பெயர் கோளரி. கையில் வாள் இல்லை. ஒரு புளியங்கோல்தான் இருந்தது.

அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரசகுலத்தார் குடிபுகும் மாளிகை எதுவாயினும், கோற்காரன் ஒருவன் அதன் சுவர், தளம், கூரை அனைத்தையும் சோதித்து, விளக்கின் முன் நின்று "பழுதில்லை" என்று ஆணையிட வேண்டும். ஆணை பொய்த்தால் அவன் கோலை முறித்து, ஆளை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடுவார்கள். தாய்மாமன் நாட்டில் வளர்ந்த இளவரசி அலர்மங்காதேவி முடிசூட வருகிறாள். அன்றிரவு இந்த மாடத்தில்தான் பள்ளிகொள்ளப் போகிறாள். அவள் முகத்தை மருதங்கோட்டையில் எவரும் கண்டதில்லை. கோளரி தளத்தில் நீர் தெளித்து வாட்டம் பார்த்துவிட்டான். தூண்களுக்குத் தூக்குநூல் பிடித்துவிட்டான். மொட்டைமாடியில் தண்ணீர் தேக்கிக் கூரையைச் சோதிக்கக் குடங்களும் வாசலில் தளும்பி நின்றன. நடுவில் இந்தச் சுவர்தான் அவனை நகரவிடவில்லை.

சுவரையொட்டி நின்றவர், மாடத்தைக் கட்டுவித்த மகாப்பிரதானி, சத்ரு சங்கார, சிற்ப சாகர, அரிகண்ட பல்லவதரையர். பட்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் கட்டியக்காரனுக்கு மூச்சு வாங்கும். எதிரியென்று எவனையும் அவர் சங்கரித்ததாகத் தகவல் இல்லை. இளவரசி வராமற்போனால் அரியணை தம் மருமகனுக்குத்தான் என்ற கணக்கை மட்டும் அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

"கோற்காரரே, இந்தச் சுவர் உமக்கு என்ன துரோகம் செய்தது? ஓயாமல் அதையே அடிக்கிறீரே" என்றார் பல்லவதரையர்.

"தேவரீர் பொறுத்தருள வேண்டும். கெட்டிச் சுவர் இப்படிக் கும்மென்று பேசாது. பூச்சிலும் ஈரம் காயவில்லை."

அது தென்றல் தங்கிச் செல்லும் சூட்சும அறை என்றும், சிற்ப நூல்களில் ஆழ்ந்தவருக்கே விளங்கும் என்றும், கோல் பிடிப்பவர்கள் அதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறார்கள் என்றும் பல்லவதரையர் ஒரு பிரசங்கமே செய்தார். படுக்கை விரிக்க முன்கூட்டியே வந்திருந்த தோழிப்பெண் ஒருத்தி, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் மரியாதையாகக் கேட்டாள்.

பிறகு, "தென்றல் இருமுமோ, ஐயா?" என்று வினவினாள்.

பல்லவதரையரின் மீசை துடித்தது. கோளரி அவளை ஏறிட்டு நோக்கினான். நிலவொளியில் அந்த விழிகள் சிரித்ததைக் கண்டு, அவன் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சுவரை மறந்தான். மறுகணமே சுதாரித்துக்கொண்டு கோலால் மெல்லத் தட்டினான்.

சுவர் திரும்பத் தட்டியது.

"சாமி, வந்துட்டீங்களா?" என்றது சுவர். "கதவு தொறக்கமாட்டேங்குது. ரெண்டு பக்கமும் பூசித் தொலைச்சிட்டாங்க. அந்தப் பொண்ணு தூங்கிடுச்சா, இல்ல நான் இன்னும் நிக்கணுமா?"

நடந்தது இதுதான். இளவரசியைத் தீர்த்துக்கட்ட, அந்தச் சுவருக்குப் பின்னால் கள்ளத்தனமாக ஒரு சுரங்கம் அமைத்து, ஒருவனைக் காலையிலேயே அதற்குள் விட்டிருந்தார் பல்லவதரையர். புளியங்கோலின் கண்ணுக்குத் தப்ப வேண்டுமென்று, சுரங்கத்தின் இரு கதவுகளின் மேலும் மத்தியானம் சுதை பூசச் செய்தார். செலவை மிச்சம் பிடிக்க அவர் போட்டிருந்ததோ பச்சை மரம். அது பூச்சின் ஈரத்தையும் குடித்து ஊதி, நிலையோடு நிலையாக இறுகிவிட்டது.

கொத்தர்கள் மூலையில் விட்டுப்போயிருந்த கடப்பாரையைக் கோளரி எடுத்தான். பலகைகள் பிளந்தன. சுண்ணாம்புத் தூளில் குளித்த உருவம் ஒன்று, கண்ணைத் திறக்க முடியாமல், ஓங்கிய குறுவாளுடன் தோழி இருந்த திசைநோக்கிப் பாய்ந்தது. புளியங்கோல் சுழன்றது; மணிக்கட்டில் இறங்கியது; குறுவாள் தளத்தில் விழுந்து கணகணத்தது. சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்க அலறியவன்மீது, ஓடிவந்த காவலர்கள் வாசலில் இருந்த குடங்களை ஒன்று விடாமல் கொட்டிக் கவிழ்த்தார்கள். சுண்ணாம்பு கரைந்து முகம் தெரிந்தது. அது பல்லவதரையரின் மெய்க்காவலன் முகம்.

அந்தக் களேபரத்தில் சத்ரு சங்காரர் சுரங்கத்துக்குள் புகுந்து ஓடிவிட்டார். துரத்தப்போன கோளரியைத் தோழி கையமர்த்தினாள்.

"பதற வேண்டாம். அந்தப் பக்கத்துக் கதவும் அவர் போட்டதுதானே" என்றாள்.

சற்றைக்கெல்லாம் இருளின் கோடியிலிருந்து, பலகையைத் தோளால் இடிக்கும் ஓசையும், சிற்ப நூல்களில் காணப்படாத சில சொற்களும் வந்தன. காவலர்கள் அவசரமின்றி உள்ளே நடந்தார்கள்.

தோழி இடுப்பிலிருந்து முத்திரை மோதிரத்தை எடுத்து விரலில் அணிந்தாள். மீன்கொத்திச் சின்னம் நிலவில் மின்னியது. கோளரி மண்டியிட்டு வணங்கினான். இளவரசி அலர்மங்காதேவி, தான் படுக்கப்போகும் அறையைத் தானே பார்த்துக்கொள்வது தன் வழக்கம் என்று மெல்ல நகைத்துவிட்டு, விளக்கை ஏற்றி அவன் முன்னே வைத்தாள்.

"கோற்காரரே, உம் சொல்லை நம்பித்தான் நாம் இங்கே கண்ணயர வேண்டும். சொல்லும்" என்றாள்.

அவள் கண்களைத் தவிர உலகில் வேறெதுவும் அப்போது கோளரிக்குத் தென்படவில்லை. கோலை இரு கைகளாலும் ஏந்தினான். வெளியே சங்கு முழங்கிற்று. நீலியாறு வெள்ளிப் பிழம்பாய்ச் சுடர்ந்தது.

"தேவி, இந்த விளக்கின்மீது ஆணை. இம்மாடத்தில் இனிப் பழுதில்லை. இக்கூரையின் கீழ் தேவி நிம்மதியாகத் துயிலலாம். இது பொய்யானால் என் கோல் முறியட்டும்."

ஐப்பசியில் கூரை ஒழுகியது.