பெரில் ஆன்ட்டி வாசலில் ஆறு செருப்புகள்

எங்கள் தெருவில் யார் வீட்டில் மீன் பொரிகிறது, யார் வீட்டில் சண்டை பொரிகிறது என்று எனக்குத் தெரியாமல் போனதில்லை. அதனால் செருப்பு விவகாரத்தை நான்தான் சொல்ல வேண்டும்.

கேப் டவுனில் எங்கள் பக்கம் பால்பல் விழுந்தால் வீட்டுச் செருப்புக்குள் போட்டு வைப்பார்கள். இரவில் சுண்டெலி வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும். எவ்வளவு வைக்கும் என்பதில்தான் வம்பு.

எட்டாம் நம்பர் வீட்டு பெரில் ஆன்ட்டியின் மகள் கேலினுக்கு நூறு ராண்ட் வைத்ததாம். ஒரே தாள். இதை ஆன்ட்டி ரொட்டிக் கடையில் சொன்னார், சர்ச்சில் சொன்னார், வேலிக்கு மேல் எட்டி என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் நான் ஆச்சரியப்பட வேண்டியிருந்தது.

எதிர்வீட்டில் ஜோடீன், பத்து வயது. தம்பி டாஷ்லினுக்கு ஆறு. அவர்கள் அம்மா வேலை செய்யும் தையல் ஆலை இந்த மாதம் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. அம்மா ஓர் ஐந்து ராண்ட் நாணயத்தைத் துடைத்து டீ டப்பாவில் போட்டு வைத்ததை ஜோடீன் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. டாஷ்லினின் முன்பல் ஆடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அது ரொட்டியோடு வந்துவிட்டது. டாஷ்லின் பல்லைச் செருப்பில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினான்.

"எங்கடா போற?" என்றாள் ஜோடீன்.

"பெரில் ஆன்ட்டி வீட்டுக்கு. அந்த வீட்டு எலிதான் நல்லா குடுக்குது. நம்ம வீட்டு எலி ஏழை."

ஜோடீன் திரும்பிப் பார்த்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

இந்த யோசனை தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்துப்போனது. நாலு மணிக்குள் ஆன்ட்டியின் வாசற்படியில் ஆறு செருப்புகள். சிலர் போன வருடப் பல்லைத் தேடி எடுத்து வந்திருந்தார்கள். ஒருவன் தாத்தாவின் பல்செட்டையே வைத்திருந்தான்.

ஆன்ட்டி கதவைத் திறந்தார். அறுநூறு ராண்ட் என்று மனக்கணக்கு ஓடியது முகத்திலேயே தெரிந்தது. எலி வராது என்று சொன்னால் பெருமை போகும். வரும் என்றால் பணம் போகும். நான் ஒரே செடிக்கு மூன்றாம் முறை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஜோடீன் வந்தாள். நானாக இருந்தால் ஆன்ட்டியை நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை. ஜன்னலில் தூங்கிக்கொண்டிருந்த தடிப்பூனை ஜெனரலைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, எலி வந்த அன்னிக்கு ஜெனரல் எங்க படுத்திருந்துச்சு?"

"கேலின் கட்டில்லதான். ராத்திரியில எப்பவும் அங்கதானே தூங்கும்."

ஜோடீன் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "தெருவுக்கே குடுக்க வேண்டிய காசைத் தூக்கிட்டு எலி வருது. கட்டில்ல பூனை கண்ணைத் திறக்குது. எலி நின்னு எண்ணிக்கிட்டிருக்குமா?"

பிள்ளைகள் எல்லோரும் ஜன்னலில் இருந்த ஜெனரலைப் பார்த்தார்கள்.

"அப்படியே போட்டுட்டு ஓடியிருக்கும்," என்றான் டாஷ்லின் மெதுவாக.

"திரும்ப இந்த வீட்டுக்கு வருமா?"

"நானா இருந்தா வர மாட்டேன்."

ஒவ்வொரு செருப்பாக வீடு திரும்பியது. பல்செட்டுக்காரன்தான் முதலில் ஓடினான். தாத்தா சாப்பிட உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்.

ஆன்ட்டி மூச்சு விட்டார். அன்றைக்கு ஏதோ ஓடுகிற சத்தம் தனக்கும் கேட்டதாகச் சொன்னார். பதினாலு வருடப் பழக்கத்தில் அவர் தன் பெருமையைத் தானே குறைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே நின்ற கேலின் நூறு ராண்ட் தாளோடு வெளியே வந்தாள். "அப்போ இது எல்லாருக்கும்தானே?"

அன்று மாலை உருளைக்கிழங்கு வறுவலும் சாசேஜும் அடைத்த முழநீள ரொட்டி ஒன்றை வாங்கி, எல்லோரும் தெருவோரம் உட்கார்ந்து கடைவாய்ப் பல்லால் கடித்துத் தின்றார்கள். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. யாரும் கூப்பிடவில்லை; பக்கத்தில் நின்றிருந்தேன்.

மறுநாள் காலை டாஷ்லின் பளபளக்கும் ஐந்து ராண்ட் நாணயத்தோடு என் வேலியோரம் வந்து என்னிடம் காட்டினான்.

"பாருங்க ஆன்ட்டி. அவசரப்படாம, சரியா எண்ணி வெச்சிருக்கு. எங்க வீட்லதான் பூனை இல்லையே."

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் அம்மா சிரித்தாள். ஜோடீன் ஒன்றுமே தெரியாதவள்போல் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொல்லத் தெருவில் இறங்குவதற்குள் டாஷ்லின் கடைசி வீடுவரை சொல்லி முடித்திருந்தான்.