குரூஸுக்குப் புரியக் கூடாது

காலையில் சங்க அலுவலகத்தைத் திறந்ததும் ஜெசிந்தா செய்யும் முதல் வேலை, நெற்றிப்பட்டைகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது. கடல் காற்றாலைகளில் வேலை செய்கிறவர்களின் தலையில் எண்ணெயும் உப்பும் கிரீஸும் கலந்துகட்டித்தான் இருக்கும். துடைக்காமல் அடுத்தவருக்கு மாட்டினால் கருவி தாறுமாறாகக் காட்டும். அரசாணையில் அதற்குப் புரிமானி என்று பெயர். தூத்துக்குடியில் மீட்டர் என்றால்தான் தெரியும்.

ஜெசிந்தா சங்கத்தின் விளக்குநர். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சங்கமும் நிர்வாகமும் போடும் ஊதிய ஒப்பந்தத்தை, உறுப்பினர் ஒவ்வொருவரையும் எதிரே உட்காரவைத்து, பிரிவு பிரிவாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். ஒரு பிரிவு புரிந்தால் பட்டையில் பச்சை எரியும். எல்லாம் பச்சையானால் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தும். ஒன்று சிவந்தாலும் கட்டுப்படுத்தாது. அவருக்கு மட்டும் பழைய ஒப்பந்தமே தொடரும்.

கையெழுத்தெல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டது. படிக்காமலே கையெழுத்துப் போட்டு வீடு வாசலைத் தொலைத்தவர்களைக் காப்பாற்றத்தான் புரிதல் சட்டம் வந்தது. புரியாத ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது சட்டம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! புரிந்துவிட்டால் சம்மதித்ததாக அர்த்தம் என்றும் அதே சட்டம் சொன்னது. அதை அன்றைக்கு யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது அம்மாமார்கூடப் பிள்ளைகளிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை, "காதுல விழுந்துச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த முறை அடிப்படைச் சம்பளத்தில் எட்டு சதவீத உயர்வு. "மொத்தச் சம்பளத்துல இல்லையா?" என்று முகம் சுருங்கியவர்களுக்கு ஜெசிந்தா மீன்குழம்பை வைத்து விளக்கினாள். குழம்பில் மீன் மட்டும் கூடுகிறது, புளியும் தேங்காயும் பழைய அளவுதான். கடற்படியும் இரவுப்படியும் ஏறாது. கேட்டவர்கள் சிரிப்பார்கள், உடனே பச்சை எரியும்.

வில்லங்கம் பதினோராம் பிரிவில் இருந்தது. மருத்துவ உதவி முன்பு 'தொழிலாளியைச் சார்ந்தோருக்கு' என்றிருந்தது. இப்போது 'தொழிலாளியுடன் வசிப்போருக்கு'. மாதத்தில் மூன்று வாரம் நடுக்கடல் மேடையில் கிடக்கிற மனிதரோடு யார் வசிக்கிறார்கள்? நிர்வாகத்தின் வரையறைப்படி அந்த மேடைதான் வசிப்பிடம். கரையில் இருக்கும் மனைவி மக்கள் அதில் வரமாட்டார்கள். எட்டு சதவீதத்துக்குச் சங்கம் கொடுத்த விலை அது. அதற்காகச் செயலாளர் சண்முகவேலைத் திட்டவும் மனம் வரவில்லை. மனிதர் ராப்பகலாக மல்லுக்கட்டி வாங்கிய உயர்வு. உறுப்பினர்களில் பெரும்பாலோர் கல்யாணமாகாதவர்கள், சந்தோஷமாகத் தலையை நீட்டினார்கள்.

பாக்கி ஒரே ஒருவர், குரூஸ் மிக்கேல். அவர் மனைவி ஸ்டெல்லாவுக்குச் செயற்கைச் சிறுநீரகம் பொருத்தியிருக்கிறது. அதன் வடிகட்டியை மாதாமாதம் நிர்வாகச் செலவில் மாற்றுகிறார்கள். சொந்தக் காசில் வாங்க அவர் சம்பளம் முழுவதும் போதாது. குரூஸுக்குப் பச்சை எரிந்தால் வடிகட்டி நின்றுவிடும். ஒருவருக்கு மூன்று அமர்வுதான். அவருக்கு முதல் இரண்டும் மேடையிலேயே நிர்வாகத்தின் விளக்குநரிடம் முடிந்து, இரண்டும் சிவப்பு. இன்று கடைசி அமர்வு.

"உக்காருங்கண்ணே."

குரூஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "உங்ககிட்ட வந்தா கல்லுக்கும் புரியும்னு சொல்லுதாங்க. அதான் தூக்கமே வரல."

"நிர்வாகத்து ஆளுகிட்ட ரெண்டு தடவ எப்படிச் சமாளிச்சிய?"

"மனசுக்குள்ள மாதா பாட்டு பாடிக்கிட்டே இருந்தேன். அந்தத் தம்பி கடகடன்னு ஒப்பிச்சான், கஷ்டமில்ல. நீங்க மீனு, கொழம்புன்னு ஆரம்பிச்சியன்னா பாட்டு மறந்துருமே."

"பதினொண்ணுல என்ன இருக்குன்னு யாரும் சொன்னாங்களா?"

"ஒனக்கு அது ஆகாதுன்னு மட்டும் சொன்னாங்க. ஏன்னு சொல்ல வந்தவன் வாயைப் பொத்திட்டேன். ஸ்டெல்லாவுக்குத் தெரியும். கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுதா. அது போதும் எனக்கு."

ஜெசிந்தா துடைத்து வைத்த பட்டையைக் கையில் எடுத்தாள். "மூணாவது தடவையும் செவப்புன்னா உங்க பேரு புரியாதார் பட்டியல்ல ஏறிரும். அப்புறம் கடன் வாங்க, வீடு விக்க, எதுக்கும் உங்க சம்மதம் செல்லாது. ஸ்டெல்லாக்கா வந்துதான் உங்களுக்காகப் பேசணும். தெரியும்லா?"

"மடையன்னு எழுதுவாங்க. எழுதட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, நிமிர்ந்து பார்க்கவில்லை. காற்றாலையின் கியர் பெட்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டுகிற கை, துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. மேடையில் இனி கேலி செய்யாமல் விடுவார்களா?

"ஒரு உதவி பண்ணுவியளா?" என்றார். "நல்லாச் சொல்லாதிய. நம்ம செயலாளர் கூட்டத்துல பேசுவாரே, அந்த மாதிரி சொல்லுங்க."

ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. அவளிடம் உட்கார்ந்த எவரும் இதுவரை சிவப்போடு எழுந்ததில்லை. துறைமுகம் முழுக்க அவளுக்கு அந்தப் பெயர் இருந்தது, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பட்டையை மாட்டினாள். முதல் பத்துப் பிரிவுகளும் பச்சை. பதினொன்றாவது வந்ததும் ஒரே மூச்சில் வாசித்தாள். "மேற்படி தொழிலாளியுடன், இதன் இரண்டாம் பின்னிணைப்பில் வரையறுக்கப்பட்டவாறான வசிப்பிடத்தில், முன்சொன்ன பிரிவுகளுக்கு ஊறு நேராவண்ணம்..." நடுவில் நிறுத்தி வருமான வரியைப் பற்றிப் பேசினாள். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். விளக்கு மஞ்சளாக நடுங்கியது, இன்னும் கொஞ்சம் புரிந்தால் பச்சை. குரூஸ் கண்களை இறுக மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, மாதா பாட்டாகத்தான் இருக்க வேண்டும். அவள் குரலை உயர்த்திப் பின்னிணைப்பின் உட்பிரிவுகளை அள்ளிக் கொட்டினாள்.

விளக்கு சிவந்தது. "புரிதல் இல்லை. அமர்வுகள் முடிந்தன" என்றது கருவி.

இனி அடுத்த ஒப்பந்தம் வரை ஸ்டெல்லாவின் வடிகட்டிக்குப் பயமில்லை. ஜெசிந்தா பட்டையைக் கழற்றினாள். தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

குரூஸ் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, தோள் தொங்க வாசல் வரை போனார். அங்கேயே நின்றார்.

"இப்பதான் மீட்டர் இல்லயே. சும்மா தெரிஞ்சுக்கிடக் கேக்கேன். அந்தப் பதினொண்ணுல அப்படி என்னதாம்மா இருக்கு?"

ஒரே வரியில் சொல்லிவிடலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஒருமுறை தலைக்குள் போய்விட்டால் போயிற்று. வங்கியோ ரேஷன் கடையோ, அடுத்த மீட்டரை எங்கே மாட்டினாலும் பதினொன்று புரிந்துவிட்டதென்று அது காட்டிக்கொடுத்துவிடும், புதிய ஒப்பந்தமும் அவரைப் பிடித்துக்கொள்ளும்.

"தெரியலண்ணே," என்றாள். "நானும் எத்தனையோ தடவ வாசிச்சுப் பாத்துட்டேன். எனக்கே பிடிபடல."

குரூஸ் அவளையே பார்த்தார். செத்துக் கிடந்த முகத்தில் மெல்ல உயிர் வந்தது.

"அட, உங்களுக்கேவா? அப்போ நான் ஒண்ணும் அவ்வளவு பெரிய மடையன் இல்ல!" என்றவர் கொஞ்சம் தயங்கினார். "வெளிய யாரும் கேட்டா இதச் சொல்லிக்கிடலாமா?"

"தாராளமாச் சொல்லுங்க," என்றாள் ஜெசிந்தா.

படகுத்துறையில் நின்றவர்களிடம் அவர் அதைச் சொல்லிச் சிரிப்பது அலுவலகத்துக்குள் நன்றாகவே கேட்டது.