அன்புராஜ் பட்டறையின் டிரிப் சுவிட்ச்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் அன்புராஜின் பட்டறைக்கு எலக்ட்ரீஷியன் இம்மானுவேல் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஊரில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் ஓடவேண்டிய டிரில்லிங் மெஷினும் நின்றுபோயிருந்தது. காலையிலிருந்து டிரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறதாம்.

அந்தச் சுவிட்ச் புதியது. பழையது அடிக்கடி விழுந்து வேலையைக் கெடுக்கிறது என்று அன்புராஜ் நச்சரித்ததால், போன மாதம் இம்மானுவேல்தான் அதைக் கழற்றிவிட்டுச் சுவிட்ச் இல்லாமலே லைனை நேராகக் கொடுத்தான். மூன்றாம் நாள், டிரில்லிங் மெஷினில் கைவைத்த வேலையாள் கோபால் அதிலேயே ஒட்டிக்கொண்டு துடிதுடித்துச் செத்தான். மாரடைப்பு என்று சொல்லி முடித்துவிட்டார் அன்புராஜ். இம்மானுவேலும் வாய் திறக்காமல் இந்தப் புதுச் சுவிட்சை மாட்டிவிட்டுப் போனான்.

இப்போது மெஷின், விளக்கு, விசிறி என்று ஒவ்வொரு ஒயராகக் கழற்றினான். சுவிட்சிலிருந்து வெளியே போகும் ஒயர் ஒன்றுகூட மிச்சமில்லை. சுவிட்சை மேலே தூக்கினான்.

டக்.

விழுந்தது.

மனித உடம்பில் கரண்ட் பாய்ந்தால் விழுவதற்கென்றே வைத்த சுவிட்ச் அது. இங்கே பாய்வதற்கு ஒயரே இல்லை. மயிர் பொசுங்கும் நாற்றம் மட்டும் மெல்ல எழுந்தது.

"யாரு மேலயோ பாஞ்சிக்கினே இருக்குது சார்," என்றான் தாழ்ந்த குரலில்.

"பேஜாரு பண்ணாத. நவுரு."

அவனைத் தள்ளிவிட்டு அன்புராஜ் சுவிட்சைத் தூக்கி விரலால் அழுத்திப் பிடித்தார்.

அது விழவில்லை.

அவர் உடம்பு வில்லாய் வளைந்தது. பற்கள் நாக்கைத் துண்டாக்கின. ரத்தம் சட்டையில் கொட்டியது. இம்மானுவேல் பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். இன்வெர்ட்டர் அணைந்தது.

துடிப்பு நிற்கவில்லை.

கட்டையால் அவர் கையை ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்தது; விரல் விடவில்லை. பிடரியைப் பிடித்து யாரோ மோதியதுபோல் அவர் முகம் சுவிட்ச் இருந்த இரும்புப் பெட்டியில் போய் அறைந்தது. மறுபடி. மறுபடி. நெற்றி பிளந்து உள்ளே போகும்வரை.

"கோபாலு, உட்ருப்பா," என்று இம்மானுவேல் கெஞ்சினான்.

அப்போதுதான் கை விட்டது.

போலீஸிடம் ஷாக் என்று மட்டும் சொன்னான். மற்றதை இந்த முறையும் விழுங்கிக்கொண்டான். சாயங்காலம் மீஞ்சூரில் வீட்டுக்குள் நுழைந்தவனின் தோளைத் தொட்ட மனைவி ரோசம்மாள், அலறிச் சுவரோரம் போய் விழுந்தாள்.

"இன்னாய்யா இது... உம்மேல கரண்ட் அடிக்குது."

சத்தம் கேட்டு மகள் ஏஞ்சலின் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். கிட்டே வராதே என்று கத்த வாயைத் திறந்தான். குரல் எழவில்லை, கால்கள் தரையோடு ஒட்டியிருந்தன.

குழந்தை அவனைக் கட்டிக்கொள்ள இரண்டு கைகளையும் விரித்தாள்.