செவலை நின்ற பக்கம்

கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்ட பிறகும் திருமூர்த்தியின் தாடை அசைந்துகொண்டே இருந்தது. கோமளா விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. அவள் கணவன் வெறும் வாயை நிதானமாக மென்றுகொண்டிருந்தான்.

தாராபுரம் ரோட்டில் லாரி மோதி மூன்று மாதமாகிறது. வண்டியில் பூட்டியிருந்த எருதுகளில் இடப்பக்கத்துச் செவலை அங்கேயே செத்தது. வலப்பக்கத்து மயிலைக்குக் கீறல்கூட இல்லை. திருமூர்த்தி மண்டை உடைந்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்து, யாரையும் அறியாதவனாக வீடு திரும்பினான்.

வாரம் ஒருமுறை கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பாலகோபால்தான் யோசனை சொன்னார். "பழகுன மாட்டத் தொட்டா நெனப்பு திரும்பலாமுங்க அம்மணி. கட்டில வாசல்ல போட்டு, பக்கத்துல மயிலையக் கட்டுங்க. பேரச் சொல்லியும் கூப்புடுங்க. பேருக்குத் திரும்புனாருன்னா பொழச்சுக்குவாருங்க."

பேரைச் சொல்வதா? கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக 'ஏனுங்க'தான். கோமளாவுக்கு வெட்கமாக இருந்தது. மாட்டை மட்டும் கொண்டுவந்து கட்டினாள்.

அன்றிலிருந்து அவன் தேறினான். கை மயிலையின் திமிலைத் தேடியது, கழுத்து நின்றது, ஒரு நாள் கால்களையும் ஊன்றினான். பார்த்தவர்களெல்லாம் சந்தோஷப்பட்டார்கள். கோமளா மட்டும் அவன் தோளை முகர்ந்து பார்த்தாள். எத்தனை தரம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாலும் அவன் வியர்வையில் சாணமும் சோளத்தட்டும் ஊறிய வாசம் போகவில்லை. ஈ உட்கார்ந்தால் கை ஓட்டவில்லை, முதுகுத் தோல் அந்த இடத்தில் மட்டும் தானாகச் சுளித்துத் துடித்தது.

பிறகொரு சாயங்காலம் வாசலில் கட்டில் காலியாக இருந்தது. மயிலையையும் காணவில்லை.

மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. கனமான மூச்சு. இரண்டு.

மயிலை வலப்பக்கம் ஒதுங்கி நின்றது. இடப்பக்கம் அவன். தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல், குனிந்து நின்றான்.

"ஏனுங்க."

திரும்பவில்லை.

வெட்கமெல்லாம் எங்கோ போயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அந்தப் பேரைச் சொன்னாள். "திருமூர்த்தி."

அசைவில்லை. மயிலை அவன் பிடரியை நக்கியது.

சொல்லக் கூடாது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"செவலை."

அவன் திரும்பினான். தினமும் தண்ணி காட்டுகிறவளைப் பார்க்கும் கண்களால் அவளைப் பார்த்தான். பிறகு கழுத்தை இன்னும் தாழ்த்தி, நுகத்தடிக்காகக் காத்து நின்றான்.