கழுவக் கழுவ

மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது லாரன்ஸின் விரல்களிலிருந்து சோறு நழுவியது. பிசைந்த உருண்டை உதடு வரை வந்து வழுக்கி மறுபடி இலையில் விழுந்தது. கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு தேய்த்துப் பார்த்தான். சவுக்காரம் போட்டுவிட்டுக் கழுவ மறந்த கை போல வழுவழுவென்று இருந்தது.

அன்று அவன் காஸ்டிக் சோடாவைத் தொடவே இல்லை.

சுங்கை பினாங்கு ஆற்றோரத்தில் இருந்த அந்தப் பட்டறையில் தேங்காயெண்ணெய் ஏற்றிப் போய்த் திரும்பும் இரும்புப் பீப்பாய்களைக் கழுவுவார்கள். காஸ்டிக் சோடா கரைத்த கொதிநீரை ஊற்றி உருட்டினால், உள்ளே புளித்துக் கெட்டிப்பட்டிருந்த எண்ணெய் சவுக்காரமாக மாறி நுரைத்துக்கொண்டு வெளியே வரும். பட்டறையில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரான லாரன்ஸ் புதிதாக வரும் ஆட்களுக்கெல்லாம் பதினேழு வருஷமாக ஒரே பாடத்தைச் சொல்லி வந்தான். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ரப்பர் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மேலே பட்டால் முதலில் எரியாது, வழுக்கும். உன் தோலே சவுக்காரமாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடு. சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைகள் அவன் வாயிலேயே தேய்ந்துபோயிருந்தன. கேட்பவர்கள் முகத்தைப் பார்ப்பதைக்கூட அவன் விட்டுவிட்டான்.

அந்த ஆட்களில் முனுசாமி மட்டும் கேட்கவில்லை. பலாப்பழம் அறுக்கும்போது பிசின் ஒட்டாமலிருக்கக் கையில் எண்ணெய் தடவுவார்களே, அதே யோசனையில் கையுறையைக் கழற்றிவிட்டு முழங்கை வரை தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வான். காஸ்டிக்குக்கு எண்ணெய்தான் தீனி என்பது லாரன்ஸுக்குத் தெரியும். போன மாதம் அந்தக் கைகள் மினுமினுத்ததை அவன் பார்த்தான். மறுபடியும் அந்தப் பாடத்தை ஆரம்பிக்க அலுப்பாக இருந்தது. ஆற்றில் பீப்பாய் ஏற்றத் தொங்காங் படகு காத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, கை வழுக்குதுண்ணே," என்று முனுசாமி வந்து நின்றான்.

"இன்னும் நாலு பீப்பாதானே லா. முடிச்சிட்டுப் போய்க் கழுவு," என்றான் லாரன்ஸ்.

வெந்த கைகள் அழுகி, ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் முனுசாமி இறந்தான். விசாரித்த துரையிடம், கையுறை போடவில்லை என்று லாரன்ஸ் சொன்னான். அது பொய் இல்லை.

இப்போது அவன் இலையை மூடிவிட்டுக் குழாயடிக்குப் போனான். மழைக்கு முந்திய இறுக்கத்தில் பட்டறைத் தகரக் கூரை விட்டு விட்டு முனகிக்கொண்டிருந்தது. கொதிதொட்டிப் பக்கமிருந்து ஈரச் சுண்ணாம்பும் கெட்ட எண்ணெயும் கலந்த வாடை வெதுவெதுப்பாக வந்து கழுத்தில் படிந்தது. குழாய்த் தண்ணீர் கைகளின் மேல் விழுந்து, எங்கும் பற்றிக்கொள்ள இடமில்லாததுபோல் உருண்டு ஓடியது. கால்மணி நேரம் கழுவினான். பிறகு வினிகர். பிறகு மறுபடி தண்ணீர். தோல் சிவக்கவில்லை, எரியவில்லை. வழுக்கல் மட்டும் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது.

கழிவுநீர் ஓடையில் வெள்ளையாக நுரை போய்க்கொண்டிருந்தது. குழாயடியில் சவுக்காரம் எதுவும் இல்லை.

அவனுக்கு ரீத்தாவின் ஞாபகம் வந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பெண். எட்டு மாதம். வேலை முடிந்து அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே இரண்டு கைகளையும் நீட்டுவாள். இது போகும்வரை குழந்தையைத் தொடுவதில்லை. அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான்.

டிராமில் கூட்டம். கம்பியைப் பிடிக்காமல் நிற்கப் பார்த்தான். வண்டி வளைந்தபோது பிடிக்க வேண்டியதாயிற்று. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஜவுளிக்கடை ஹபீப் முகம்மது அதே இடத்தைப் பற்றி, கை வழுக்கித் தடுமாறினார்.

"என்ன தம்பி, கம்பிக்கெல்லாம் சவுக்காரம் பூச ஆரம்பிச்சிட்டானுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்தார். ஒருமுறை துடைத்தார். பேசிக்கொண்டே மறுபடி துடைத்தார். லாரன்ஸ் இறங்கும்போதும் அவர் துடைத்துக்கொண்டுதான் இருந்தார், சிரிப்பு நின்றிருந்தது.

டத்தோ கெராமட் ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் சந்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. மாதா கோயில் மணி ஆறு அடித்தது. நெற்றியில் சிலுவை போடக் கையை உயர்த்தினான். விரல் நெற்றியில் நிற்கவில்லை. கையை இறக்கிவிட்டான்.

வாசல் கதவை முழங்கையால் தள்ளினான். பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம். வெந்நீர் ஆவி. தேங்காயெண்ணெய் வாசனை. மனைவி அமலம்மாள் பலகையில் உட்கார்ந்து, நீட்டிய கால்களின்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டிருந்தாள். அவனைப் பார்த்து ரீத்தா தலையைத் தூக்கினாள். எண்ணெய் பூசிய சின்ன முதுகு பளபளத்தது.

அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்றான். தொடவில்லை. தொடப்போவதுமில்லை. பகல் முழுவதும் தேடிய நிம்மதி கொஞ்சம் வந்தது.

"இன்னிக்கு இவளைப் பிடிக்கவே முடியலைங்க," என்றாள் அமலம்மாள். "காலையிலேருந்தே ஒரே வழுக்கல். நேத்து எண்ணெய் சரியாப் போகலை போல."

காலையில்.

வேலைக்குக் கிளம்பும்போது குழந்தையைத் தூக்கினான். கன்னத்தைத் தடவினான். முதுகைத் தடவினான். அப்போதும் வழுக்கியது. எண்ணெய் என்று நினைத்தான்.

"தண்ணி ஊத்தாதே," என்றான். அதற்குள் அவள் சொம்பைச் சாய்த்துவிட்டாள்.

முதுகில் வெள்ளையாக நுரை எழும்பியது.

"நான் சவுக்காரமே போடலியே," என்றாள். அதை அலச இன்னொரு சொம்பு ஊற்றினாள். நுரை தோளை மூடியது. இன்னொன்று. தலையை மூடியது. குழந்தை அழவில்லை. அமலம்மாள் சொம்பைக் கீழே போட்டாள். இரண்டு கைகளாலும் வழித்தாள். வழிக்க வழிக்கப் பொங்கியது. மடி நிறைந்தது. பலகை நிறைந்தது. ஓடை வெளுத்தது.

பிறகு நுரை மெல்ல அமுங்கத் தொடங்கியது.

அவள் கால்கள் தெரிந்தன. முழங்கால் தெரிந்தது. அவள் கைகள் மட்டும் இன்னும் நுரைக்குள் இருந்தன, இப்படியும் அப்படியும் தேடிக்கொண்டு.