மூன்றாவது மீன்

ஒன்பதாவது நாளும் தண்ணீர் சுத்தமாகவே இருந்தது.

சோதனைப் பட்டையைத் தொட்டியில் முக்கி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மீன் இருக்கிற தண்ணீரில் கொஞ்சமாவது கழிவு சேரும், சேர்ந்தால் மஞ்சள் கட்டம் பச்சையாகத் திரும்பும். கட்டம் போட்டது போட்டபடி மஞ்சளாக இருந்தது. நிறத்தில் அவன் கண் தப்பு செய்யாது. செயற்கைப் பல் செய்யும் லேபில் பதினாறு வருடமாக அவன் பிழைப்பே அதுதான். ஒருவருடைய முன்பல் போனால், பக்கத்துப் பல்லில் மஞ்சள் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று பார்த்து, கட்டின பெண்டாட்டிக்கே சந்தேகம் வராத மாதிரி இன்னொன்று செய்து கொடுப்பான். அந்தக் கண்ணை ஊன்றித் தேடியும் கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு துளி கழிவு அகப்படவில்லை. காலையில் மூன்று உருண்டை தீனி, மாலையில் மூன்று. போடுவது காணாமல் போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் அந்த மீன் வாயைத் திறந்து அவன் பார்த்ததில்லை. மூடியைத் தூக்கி மோந்து பார்த்தான். பாசி வாடை இல்லை, ஈர வாடைகூட இல்லை. அவன் விரல்களில் ஊறிப்போன லேப் திரவத்தின் காரம்தான் மூக்கில் ஏறியது.

நாளைக் காலை பத்து மணிக்கு மகள் வருகிறாள்.

மீன் நன்றாக இருந்தால்தான் வருவாள். அதை அவளே குடும்பநல நீதிமன்றத்தில் நீதிபதியிடம் சொல்லியிருந்தாள். அப்பா வீட்டுக்கு ஒருநாள் போய்வருகிறாயா என்று அவர் கேட்டதற்கு, "மீன் நல்லா இருந்தா போறேன்" என்றாள். அறையில் நாலு பேர் சிரித்தார்கள். அவனால் சிரிக்க முடியவில்லை. சற்று முன்தான் அவள் அம்மா, "இவர் கையில குடுத்த எதுவும் உருப்படாது சார்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள். 

மீனை மகள்தான் தேர்ந்தெடுத்தாள். ஃபைட்டர் மீன், நீல உடம்பு, சிவப்பு வால், வால் ஓரத்தில் நகத்தால் கிள்ளியது போல ஒரு வெட்டு. மிட்டாய் என்று பெயர் வைத்தாள். அன்று மாலையே புதுத் தொட்டியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அதில் விட்டான். நாலாம் நாள் செத்தது. அழுக்குதான் காரணம் என்று நினைத்து, தொட்டி, கல், வடிகட்டிப் பஞ்சு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றிக் கழுவி, அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி விட்டான். அது ஆறு நாள் இருந்தது.

மூன்றாம் முறை போனபோது கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"சோப்பா? ஏன் சார், அந்தப் பஞ்சுல இருக்கிற அழுக்குதானே மீனைக் காப்பாத்துது! அதுல இருக்கிற கிருமிதான் கழிவைத் தின்னும். தண்ணி பழகவே ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசம் எனக்கு இல்லைங்க. இன்னிக்கே ஒண்ணு குடுங்க."

"இதுவும் செத்துடும் சார்."

"குடுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். வரிசையாக அடுக்கியிருந்த டப்பாக்களுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, விலைச் சீட்டு ஒட்டாத டப்பா ஒன்றை அவனே கண்டுபிடித்தான். அச்சு அசல் அதே நீலம், அதே சிவப்பு. வால் மட்டும் முழுசாக இருந்தது. வீட்டுக்கு வந்து, அதை ஈரப் பஞ்சில் கிடத்தி, லேபில் மெழுகு வெட்டுகிற சின்னக் கத்தரியால் வால் ஓரத்தை நறுக்கினான். துள்ளவில்லை. செவுள் அசையவில்லை. தண்ணீரில் விட்டதும் ஒன்றுமே நடக்காதது போல நடுத்தொட்டியில் போய் நின்றது. நல்ல மீன், சாதுவான மீன் என்று அப்போது சந்தோஷப்பட்டான். தன் கைவேலையை மெச்சிக்கொண்டான்கூட.

அன்று மாலை வீடியோ அழைப்பில் மகள் திரையருகே குனிந்து மீனையே பார்த்தாள்.

"அப்பா, இது மிட்டாயாப்பா?"

"பின்ன யாரு? வாலைப் பாரு."

"ம்," என்றாள். அப்புறம், "சரிப்பா," என்றாள்.

அதுதான் கடைசி அழைப்பு. மறுநாள் காய்ச்சல் என்று அவள் அம்மாவிடமிருந்து ஒரு வரி வந்தது. அப்புறம் ஐந்தாறு நாள் ஒன்றுமில்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. நேற்றுதான், "சரியாயிடுச்சு. சனிக்கிழமை கூட்டிட்டு வரேன்" என்று வந்தது. அவனுக்கு உயிர் வந்தது. பொய் சொன்னது உறுத்தாமல் இல்லை. ஆனால் மகள் வருகிறாளே.

பட்டையைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துத் தொட்டி முன் உட்கார்ந்தான். இந்த ஜாதி மீன் அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும், அதற்காகத்தான் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விடவேண்டும் என்று படித்திருந்தான். கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டான். வடிகட்டி முனகியது. வெளியே வெயில் சரிந்து, ஜன்னல் கம்பிகளின் நிழல் தொட்டிமேல் ஏறி, மீனைத் தாண்டி, சுவரில் போய் நின்றது. ஐம்பது நிமிடம்.

ஒருமுறைகூட மேலே வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தது. அவள் அம்மா மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். எட்டு நாளில் பத்து வயது கூடியிருந்தாள். பக்கத்தில் மகள். மஞ்சள் கவுன், இரட்டைப் பின்னல், தோளில் பை.

"மீன் நல்லா இருக்கா?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"நல்லா இருக்கு."

"அதே மீன்தானே?"

"அதேதான்."

அவள் அவனையே பார்த்தாள். அவள் இப்படிக் கோபமில்லாமல் அவனைப் பார்த்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது.

"இவளும் நல்லா இருக்கா," என்றாள்.

மகளைத் தொடாமல், அவள் முகத்தை ஒருதரம்கூடப் பார்க்காமல், விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள்.

மகள் நேராகத் தொட்டியின் முன்னால் போய் நின்றாள். மீன் அவளிடம் வந்தது. கண்ணாடியின் அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் அவள். இரண்டும் அசையவில்லை.

"பாப்பா, காய்ச்சல் விட்டுடுச்சா?"

"விட்டுடுச்சுப்பா."

"இது மிட்டாய்தான், தெரியுதா?"

"மிட்டாய்தான்ப்பா."

குரல் அவளுடையதுதான். காதோர மச்சமும் அவளுடையதுதான். கவுனின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க ஆரம்பித்து, பயந்து, பார்வையை இழுத்துக்கொண்டான். பெற்ற பிள்ளையை. என்ன மனுஷன் நான். 

"இங்க பாரு பாப்பா. அப்பாவைப் பாத்து ஒருதரம் சிரி."

திரும்பினாள். சிரித்தாள்.

மேல் முன்பல்லில் அந்த மூலை உடைந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இந்த வீட்டுக் குளியலறையில் அவன் கவனிக்காத நேரத்தில் வழுக்கி விழுந்து உடைத்துக்கொண்டது. சரியான பல். சரியான பக்கம். சரியான அளவு.

முழங்கால் போட்டு அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். தோல் தொட்டித் தண்ணீர் அளவுக்கே குளிர்ந்திருந்தது.

விழுந்து உடைந்த பல்லுக்கு மேடும் பள்ளமும் இருக்கும். இரண்டு வருடம் மென்றால் விளிம்பு மழுங்கும். இது மழுங்கவில்லை. நேர்க்கோடு. ஓரம் முழுக்க, ஒரே சாய்வில், மெல்லிய வரிகள். அரம் போட்ட வரிகள். நல்ல கைவேலை.

அவள் வாயை மூடவில்லை. அவன் போதும் என்று சொல்வதற்காகச் சிரித்தபடியே காத்திருந்தாள். பல்லுக்கு மேலே, ஈறின் மடிப்பில், ராவின தூள் வெள்ளையாக, கொஞ்சமும் நனையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.