மோருக்கு முன்னால்

பாயசம் பரிமாறியாயிற்று. இனி மோர் வரும்வரை பந்தியிலிருந்து ஒருவரும் எழமாட்டார்கள். பக்கத்து இலைக்காரர் சாப்பிடும்போது பாதியில் எழுவது மரியாதை இல்லை என்று தனுஷ்கோடி மாளிகையின் காவலர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. "மோர் எடுத்தாரேன்" என்று சொல்லிவிட்டு, சமையற்காரி பேச்சிக்கனி நேராகப் பெட்டக அறைக்கு நடந்தாள்.

காய்கறிக் கூடையோடு அங்கே காத்திருந்தான் இசக்கியப்பன். சிறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த அவள் புருஷன்.

தூத்துக்குடிக் கண்காட்சி ஒன்றிலிருந்து புறா முட்டை அளவு முத்தை ஒரு காலத்தில் இரண்டு கூட்டாளிகள் தூக்கினார்கள். ஒருவன் இசக்கியப்பன், மற்றவன் தனுஷ்கோடி. முத்தை வைத்துக்கொண்டு கூட்டாளியைப் போலீசில் காட்டிக்கொடுத்துப் பெரிய மனிதனானவன் தனுஷ்கோடி. அதோடு விட்டானா? ஆதரவில்லாமல் நின்ற பேச்சிக்கனியைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, சிறைக்கே போய்ச் சிரித்தான். "ஒம் பொஞ்சாதி இப்போ என் வீட்டுலதான் இருக்கா. சந்தோசமாத்தான் இருக்கா." அந்தச் சிரிப்பு இசக்கியப்பனின் தூக்கத்தைத் தின்றுவிட்டது.

அவன் எதிரே இருந்தது பற்றுப்பூட்டு. இந்தக் காலத்தில் வசதியானவர்கள் சாவி வைத்துக்கொள்வதில்லை. சாவி களவு போகும். கைரேகையை அச்செடுப்பார்கள். கழுத்தில் கத்தியை வைத்தால் முதலாளியே திறந்துவிடுவார். ஆகவே முதலாளியின் கையைப் பற்றுப்பூட்டு சீந்துவதே இல்லை. உள்ளங்கையின் வேர்வையையும் நாடியையும் படித்து, விசுவாசமுள்ள நெஞ்சுக்கு மட்டுமே அது திறக்கும். விசுவாசத்தின் தடத்தைக் காவலர்களிடமிருந்து பதிவு செய்ய வந்த பொறியாளர்களிடம் தனுஷ்கோடி ஒரு யோசனை சொன்னான். "சாப்பிட்டு எந்திச்சதும் எடுங்க. சோறு போடுதவன் மேல அப்போதான் நன்றி பொங்கும்."

அப்படியே எடுத்தார்கள். பொங்கியது உண்மைதான். யார் மேல் பொங்கியது என்று பூட்டு கேட்கவில்லை.

பேச்சிக்கனி அதைக் கண்டுபிடித்தது காய்ச்சலில் படுத்தபோது. அந்த நாட்களில் ஓட்டலிலிருந்து சாப்பாடு வந்தது. பூட்டு எந்தக் காவலனுக்கும் திறக்கவில்லை. பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அவள் எழுந்து வந்து குழம்பு வைத்த அன்று மத்தியானமே திறந்தது. தன் கைக்கு அது திறக்காது என்பதும் அவளுக்குப் புரிந்தது. சமைத்தவள் தனக்கே நன்றி சொல்லிக்கொள்வதாவது! வேண்டியது அவள் சோற்றை உண்டு வளர்ந்த ஒரு திருட்டுக் கை.

"நான் சொன்னத நெனைச்சுக் கைய வைங்க" என்றாள்.

இசக்கியப்பன் வைத்தான். பூட்டு சிவந்தது. ஒரு முறை சிவந்தால் மேல்மாடியில் முதலாளியின் கைக்கடிகாரம் அதிரும். இடையில் திறக்காமல் மறுமுறையும் சிவந்தால் எல்லா வாசல்களிலும் இரும்புத்திரை இறங்கும். இசக்கியப்பன் வந்த இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

"எத நெனைச்சீங்க?"

"அவனத்தான். வேற எத நெனைக்க முடியுது? ஏட்டி, அவன் ஜெயிலுக்கு வந்து ஒரு பேச்சு சொன்னான்..."

"தெரியும். என்கிட்டயும் சொல்லிச் சிரிச்சான்." அவள் மடியிலிருந்து ஒரு இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். கருவாட்டுக் குழம்பில் பிசைந்த சோறு. "இத்தன நாளும் ஒங்களுக்குன்னு ஒரு உருண்டைய உருட்டி வச்சிட்டுத்தான் நான் சாப்பிடுவேன். சாயங்காலம் காக்காய்க்குப் போட்டுருவேன். இன்னைக்கு அதுக்குக் கெடையாது. வாயத் தொறங்க."

ஊட்டினாள். அவன் மென்றான். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அந்த வாய்ச் சோற்றில் தனுஷ்கோடிக்கு இடமே இல்லை. இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று ஒரு கணம் கூசியது. பிறகு அதுவும் கரைந்து, நெஞ்சு முழுக்க அவளே நின்றாள். எச்சில் படாத கையைப் பூட்டில் வைத்தான்.

பச்சை.

கதவு விலகியது. பட்டுக் குழியில் பால் நிறத்தில் முத்து கிடந்தது. இசக்கியப்பன் அதை எடுத்துக் கத்தரிக்காய்க்குள் புதைத்தான். காலியான குழியில் பேச்சிக்கனி எச்சில் இலையை மடித்து வைத்துக் கதவைச் சாத்தினாள். அவன் கூடையோடு பின்வாசல் வண்டிக்குப் போனான். அவள் மோர்ப் பானையைப் பந்தியின் தலைமாட்டில் இறக்கினாள்.

"ஊத்திக்கிடுங்க சூசை. நான் வாரேன்."

"சரிக்கா" என்றான் காவலர் தலைவன் சூசை.

தனுஷ்கோடி மாடியிலிருந்து இறங்கி வந்தபோது இருவரோடும் வண்டி தெருமுனை திரும்பியிருந்தது. விஷம் வைத்துவிடுவாள் என்ற பயத்தில் அவள் சமைத்ததை அவன் தொட்டதே இல்லை. அன்றும், கைக்கடிகாரம் அதிர்ந்த பிறகும், டப்பாக் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வந்தான். பந்தியைக் கலைத்துக் காவலர்களைப் பெட்டகத்தின் முன் நிறுத்தினான்.

"என்னைய நெனைச்சுக் கைய வைலே!"

சூசை மனசாரத்தான் நினைத்தான். பூட்டு சிவந்தது.

கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தான். கூடத்தில் இலைகள் காய்ந்துகொண்டிருந்தன. பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்த மோர். அக்கா தன் கையால் ஊற்றாமல் ஏன் போனாள்? பெருமூச்சு விட்டான். பூட்டு பச்சையானது.

உள்ளே எச்சில் இலை மட்டும் இருந்தது. பச்சை வெளிச்சத்தில் நின்ற தன் ஆட்களைத் தனுஷ்கோடி ஒவ்வொருவராகப் பார்த்தான். எத்தனையோ வருஷமாக யாருடைய ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தோம் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"அந்தச் சமையக்காரிதான்! ஓடுங்க, பிடிங்க அவள!"

"அக்காவையா?" என்றான் சூசை.

யாரும் அசையவில்லை. ஒருவன் மெல்லப் போய் இலை முன் உட்கார்ந்தான். மற்றவர்களும் போனார்கள். சூசை கடைசியாக நகர்ந்தான். போகிற போக்கில், முதலாளி முகத்தைப் பார்த்து அவனுக்கே பாவமாகிவிட்டது.

"பாதிப் பந்தியில எந்திச்சிட்டோம் மொதலாளி. வாங்க, ஒங்களுக்கும் ஒரு எல போடுதேன்."